காரை மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள்

இத்தாலியின் மலையூர்களை, அதாவது மேட்டின்மேல் மதில் சூழ்ந்து நிற்கும் பழைய ஊர்களை, தோழிகளோடு காரில் சுற்றிவந்ததைப் பற்றி முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் வடசென்னையிலிருந்து. பழைய வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்து பதில் எழுதும் எனக்கு அதில் தனி சந்தோஷம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

திருவொற்றியூர் வாசகர்: அக்கா, நாங்கள் நான்கு பேர், பள்ளிக்கூட நண்பர்கள். பத்து நாளில் பதினொரு மலையூர்கள் என்று திட்டம் போட்டிருக்கிறோம். சரியாக வருமா?

வராது தம்பி. ஐந்தாறாகக் குறையுங்கள். வரைபடத்தில் பார்த்தால் பியென்ட்ஸாவிலிருந்து மான்டெபுல்சியானோ 15 கிலோமீட்டர்கூட இல்லை. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் போகிற மாதிரிதான் தோன்றும். ஆனால் காரை மதிலுக்கு வெளியே நிறுத்த இடம் தேட வேண்டும், அங்கிருந்து வாசல்வரை ஏற வேண்டும், வாசலிலிருந்து சதுக்கம்வரை இன்னும் ஏற வேண்டும். மேலே போய்ச் சேரும்போது மணி ஒன்று ஆகியிருக்கும். சின்ன ஊர்களில் பல கடைகளும் கோயில்களும் மதியம் சாத்தி மூன்று, மூன்றரைக்குத்தான் திறக்கும். பூட்டிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடுவதற்கா அவ்வளவு தூரம் போகிறீர்கள்?

இந்த ஊர்களின் நல்ல நேரம் மாலை. காலை பத்து மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வரும், ஐந்து மணிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு ஊர் ஊர்க்காரர்களிடம் திரும்பும். வயதானவர்கள் கிணற்று மேடையில் வந்து உட்காருவார்கள், பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்கு வருவார்கள், மளிகைக்கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்று பேசுவார். இரவு தங்குகிறவர்களுக்குத்தான் இது கிடைக்கும். அதனால்தான் ஊர்களைக் குறையுங்கள் என்கிறேன்.

நான் சொல்லும் வழி இதுதான். ரோமில் இறங்கியதும் கார் எடுக்காதீர்கள். இரவெல்லாம் விமானத்தில் வந்த கண்களோடு, பழக்கமில்லாத பக்கத்தில், ரோம் நெரிசலில் ஓட்டுவது வேண்டாத ஆபத்து. ரயிலில் ஓர்வியேட்டோ போய்விடுங்கள், ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஸ்டேஷன் கீழே, ஊர் பாறைக்கு மேலே. எதிரிலேயே கயிற்று ரயில் நிற்கும். அங்கே இரண்டு இரவு கார் இல்லாமல் இருந்து தூக்கம் தீர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கீழே இறங்கி வாடகைக் காரை வாங்கிக்கொண்டு வடக்கே போனால் வால் டோர்ச்சா பள்ளத்தாக்கு. பியென்ட்ஸா, சான் குயிரிகோ பக்கம் ஒரு பண்ணைவீட்டில் நான்கு இரவு. அங்கிருந்து மான்டெபுல்சியானோவும் மான்டால்சினோவும் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்தான். பிறகு சியெனா, சான் ஜிமிஞானோ. ஃபிளாரன்ஸ் விமான நிலையத்தில் காரை ஒப்படைத்துவிடலாம். எடுத்த இடம் ஒன்று, விடும் இடம் ஒன்று என்றால் கூடுதல் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். சின்ன ஊர்களின் வாடகைக் கார் அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் திராட்சை அறுவடை. ஆகஸ்ட் வேண்டாம். வெயிலும் கூட்டமும் ஒன்றாகச் சேரும். 15ஆம் தேதியை ஒட்டி இத்தாலிக்காரர்களே மொத்தமாக விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள். சியெனாவில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் குதிரைப் பந்தயம். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி, இல்லையென்றால் அந்த நாட்களில் அங்கே அறை தேடாதீர்கள்.

ராயபுரம் வாசகி: நம் ஊர் லைசென்ஸ் செல்லுமா? விசாவுக்கு எவ்வளவு முன்னால் போக வேண்டும்?

நம் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று போதாது. உங்கள் பகுதி ஆர்டிஓ அலுவலகம் தருவது அது, பரிவாஹன் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1000 ரூபாய். ஓராண்டு செல்லும், அதற்குள் உங்கள் லைசென்ஸ் காலாவதியானால் அதுவும் அன்றோடு முடிந்தது. நான்கு பேரில் ஓட்டத் தெரிந்த எல்லோரும் வாங்கிவையுங்கள். வழியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் ஓட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலும் இரண்டாவது ஓட்டுநரின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது நடந்தால் காப்பீடு உதவாது.

இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள்.

கொருக்குப்பேட்டை வாசகர்: போய்வந்து பல மாதம் கழித்து இத்தாலியிலிருந்து அபராதக் கடிதம் வந்ததாக என் மாமா சொல்கிறார். எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பழைய ஊர்களின் மையப்பகுதிக்குள் வெளியார் வண்டி போகக் கூடாது. இசட்டிஎல் என்பார்கள். வாசலில் சிவப்பு வளையமிட்ட வெள்ளை வட்டப் பலகை இருக்கும், அதன் கீழே எந்தெந்த நேரத்தில் தடை என்று எழுதியிருக்கும். போலீஸ்காரர் யாரும் நிற்கமாட்டார். மேலே ஒரு கேமரா மட்டும். உள்ளே போனால் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிடும். வழி தவறி நுழைந்தாலும் அபராதம்தான்.

கடிதம் தாமதமாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி வாடகை நிறுவனத்தின் பேரில் இருப்பதால் நகராட்சி முதலில் அவர்களைக் கேட்கிறது. அவர்கள் உங்கள் பெயரையும் முகவரியையும் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்கென்று ஒரு தொகையை உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அது அபராதம் அல்ல. அபராதம் அதற்குப் பிறகு தனியாகத் தபாலில் வரும். கடிதம் கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு என்பதை மாமாவிடம் சொல்லுங்கள்.

மின்பலகை இருக்கும் ஊர்களில் 'வார்கோ ஆட்டீவோ' என்று ஒளிர்ந்தால் கேமரா விழித்திருக்கிறது, போகக் கூடாது. 'நோன் ஆட்டீவோ' என்றால் போகலாம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நுழைகிறவர்கள் நிறைய. செல்போன் வழிகாட்டி சொல்கிறதே என்றும் நுழையாதீர்கள், அது எல்லா ஊரின் தடையும் அறியாது. உங்கள் ஓட்டல் மதிலுக்குள் இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நம்பரைப் பதிவுசெய்து அனுமதி வாங்கித் தருகிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த நல்ல வழி, காரை மதிலுக்குள் கொண்டுபோகும் எண்ணத்தையே விட்டுவிடுவது. சான் ஜிமிஞானோவில் மதிலுக்கு வெளியே எண் போட்ட நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. பத்து நிமிடம் நடந்தால் கோபுரங்களுக்குக் கீழே நிற்பீர்கள்.

நிறுத்துவதிலும் கோட்டின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் பொதுவாக இலவசம், ஆனால் பக்கத்தில் நேரக் கட்டுப்பாட்டுப் பலகை இருக்கலாம். நீலம் என்றால் இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டை முன்கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். மஞ்சள் நமக்கில்லை. பைகளைச் சீட்டில் தெரியும்படி விட்டுப் போகாதீர்கள்.

வியாசர்பாடி வாசகர்: வலதுபக்கம் ஓட்டுவது பெரிய கஷ்டமா? நான் மலையில் ஓட்டியதே இல்லை.

வலதுபக்கம் ஒரு நாளில் பழகிவிடும். ஸ்டியரிங் இடதுபக்கம், கியர் வலது கைக்கு. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இண்டிகேட்டர் வலது கையில், அங்கே இடது கையில். முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் கை பழைய இடத்துக்கே போகும், வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் துடைக்கும். அது பெரிய விஷயமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. வண்டியின் வலப்பக்கத்தில் உட்கார்ந்தே ஓட்டிப் பழகியதால், இடப்பக்கம் உட்காரும்போது நமக்குத் தெரியாமலே வண்டி வலது ஓரத்துக்கு ஒதுங்கும். கல்சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. எங்கள் வண்டியில் முன்சீட்டுத் தோழிக்கு ஒரே வேலை, "ஒட்டுது, ஒட்டுது" என்று சொல்வது. அவள் வழிகாட்டியைப் பார்க்கவில்லை, படம் எடுக்கவில்லை. வலது ஓரத்தை மட்டும் பார்த்தாள். கண்ணாடியில் கீறல் இல்லாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். உங்களிலும் ஒருவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

ரவுண்டானாவில் இடமிருந்து சுற்றிவரும் வண்டிக்கு முதலில் வழிவிட வேண்டும். இங்கே போல மூக்கை நீட்டி நுழைந்தால் மோதல்தான்.

மலைதான் உண்மையான பயிற்சி கேட்கும். நம் பக்கம் மேம்பாலத்தை விட்டால் ஏற்றமே கிடையாது. கிளம்புவதற்கு முன் ஏலகிரிக்கு ஒரு நாள் ஓட்டிப் போங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள் போதும். ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு, பின்னால் உருளாமல் கிளம்பிப் பாருங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் வண்டியைப் பிடித்து இறக்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே கேட்டு வையுங்கள், விலை கூட.

சுங்கச் சாலையில் நுழையும்போது சீட்டு எடுத்து வெளியேறும்போது கட்ட வேண்டும். அட்டைக்கும் ரொக்கத்துக்கும் உரிய வரிசையில் போங்கள், டெலிபாஸ் (நம் ஃபாஸ்டேக் மாதிரி) என்று மஞ்சளில் எழுதிய வரிசை நமக்கில்லை. வேகம் சுங்கச் சாலையில் 130, மழையில் 110, ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் 90, ஊருக்குள் 50. பெட்ரோல் பங்கில் 'பென்சீனா' என்றால் பெட்ரோல், 'காசோலியோ' என்றால் டீசல். மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பெரம்பூர் கல்லூரி மாணவி: ஏன் எல்லா ஊரையும் மலைமேல் கட்டினார்கள்? தண்ணீருக்கே கஷ்டமாக இருந்திருக்குமே?

நல்ல கேள்வி. கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் மகளே. பகைக்குப் பயந்து என்பது பாதி பதில். மீதிப் பாதி காய்ச்சல். மான்டெபுல்சியானோவின் கீழே இன்று கோதுமை விளையும் கியானா பள்ளத்தாக்கு பல நூற்றாண்டுகள் சதுப்பு நிலம். கொசு, மலேரியா. காற்றோட்டமான மேட்டில் வீடு, பகலில் இறங்கி உழவு. ரோமானியருக்கு முன்பிருந்த எட்ரஸ்கன் மக்களே ஓர்வியேட்டோ, கோர்டோனா, வோல்தெரா மேடுகளில் குடியிருந்தார்கள்.

தண்ணீருக்குக் கஷ்டம்தான். மழைநீரைத் தொட்டியில் பிடித்தார்கள். சான் ஜிமிஞானோவின் நடுச் சதுக்கத்துக்கே தொட்டிச் சதுக்கம் என்றுதான் பெயர், கிணற்று மேடை இன்னும் இருக்கிறது. ஓர்வியேட்டோவில் இதைவிடப் பெரிய அதிசயம். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளமென்ட் அந்த ஊருக்குத் தப்பி வந்தார். முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டுமே என்று பாறையைக் குடைந்து கிணறு வெட்டச் சொன்னார். ஆழம் 50 மீட்டருக்கு மேல். சங்காலோ என்ற கட்டடக் கலைஞர் அதன் சுவருக்குள் இரண்டு சுருள் படிக்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றவிட்டார். ஒவ்வொன்றிலும் 248 படிகள். காலிக் குடத்தோடு கழுதை ஒன்றில் இறங்கும், கீழே சின்னப் பாலத்தைக் கடக்கும், நிறைகுடத்தோடு மற்றொன்றில் ஏறும். எதிரெதிரே முட்டிக்கொள்ளவே முடியாது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று வளர்ந்த எனக்கு அந்தப் படிகளில் இறங்கும்போது, இதை யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. படி அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கும், கழுதையின் காலுக்கு ஏற்றபடி. பக்கச் சுவரின் ஜன்னல்கள் வழியே எதிர்ப்படியில் ஏறுகிறவர்களின் முகம் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சான் ஜிமிஞானோவில் ஒருகாலத்தில் 72 கோபுரங்கள், இன்று 14. ரோமுக்குப் போகும் யாத்திரிகர் வழியில் இருந்ததால் பணம் சேர்ந்தது, குங்குமப்பூ வணிகமும் நடந்தது. குடும்பத்துக்குக் குடும்பம் போட்டி போட்டுக் கட்டினார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்து பாதி ஊர் போயிற்று. பிறகு ஃபிளாரன்ஸின் கைக்குள் வந்தது, வணிகமும் நகர்ந்துவிட்டது. இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இல்லை. நாம் பார்த்து வியக்கும் ஊர் அப்படித்தான் மிஞ்சியது. ராயபுரம் மாடிப்பூங்கா தெரியுமா? அது பழைய மதராஸின் மதிலில் எஞ்சிய துண்டு. போகும் முன் ஒருமுறை அதன்மேல் ஏறிப் பார்த்துவிட்டுப் போங்கள். நம் ஊருக்கும் மதில் இருந்தது என்று தெரிந்தபிறகு அந்த மதில்களைப் பார்க்கும் கண் மாறும்.

பியென்ட்ஸாவையும் விட்டுவிடாதே. அந்தக் கிராமத்தில் பிறந்து போப் ஆனவர் இரண்டாம் பயஸ். 1459இல் தொடங்கி மூன்றே ஆண்டில் ரொசெல்லினோ என்பவரை வைத்துச் சதுக்கம், கோயில், மாளிகை எல்லாம் கட்டினார். கோயிலின் பின்பகுதி மண்ணில் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. தரை பீடத்தை நோக்கிச் சரிவதைக் கால் சொல்லும்.

சௌகார்பேட்டை வாசகி: நாங்கள் சைவம், முட்டையும் இல்லை. பட்டினியா?

இல்லவே இல்லை அம்மா. பீச்சி என்று கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ் அந்தப் பக்கத்து உணவு. மாவும் தண்ணீரும்தான், சிலர் முட்டை சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். தக்காளியும் பெரிய பூண்டும் சேர்த்த குழம்போடு வாங்குங்கள். பீன்ஸ், கீரை, ரொட்டி போட்டுக் காய்ச்சும் ரிபொல்லீதாவும் உண்டு. "சென்சா கார்னே" என்றால் இறைச்சி வேண்டாம். அதோடு நிறுத்தாமல் பன்றிக்கொழுப்புத் துண்டும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள், அதைப் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைக் குட்டியின் குடல்நொதி விட்டுத்தான் உறைய வைப்பார்கள், அதனால் கண்டிப்பான சைவம் என்றால் அதையும் தவிர்க்க வேண்டியிருக்கும். அந்தப் பகுதிக்கு டஸ்கனி என்று பெயர், அதன் ரொட்டியில் உப்பே இருக்காது. பருப்புப்பொடி எடுத்துப் போங்கள். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், பால் பொருட்களை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. பண்ணைவீட்டில் சமையலறை இருக்கிறதா என்று பார்த்து எடுத்தால் இரவுச் சோறு உங்கள் கையில். இரவு உணவுக்குப் பல ஓட்டல்கள் ஏழு, ஏழரைக்கு முன் திறக்காது.

தண்டையார்பேட்டை வாசகர்: நண்பர்களுக்குள் பணத்தால் சண்டை வராமல் இருக்க வழி?

பெட்ரோல், சுங்கம், பார்க்கிங், காபி நான்குக்கும் பொதுப்பணம் ஒன்று போட்டு ஒருவர் கையில் கொடுங்கள். ஓட்டுகிறவர் கையில் வேண்டாம், அவருக்கு வேலை போதும். கார் எடுக்க முதன்மை ஓட்டுநரின் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும், அதில் வைப்புத்தொகையை நிறுத்திவைப்பார்கள். அந்த வரம்பு காலியாக இருக்கட்டும். சேதம் வந்தால் நாம் ஏற்கும் தொகை எவ்வளவு என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள், அது நால்வருக்கும் பொது என்று கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஒயின் ஊர்களுக்குப் போகும் நாளில் ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது. சட்ட வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். நான் சொல்வது பூஜ்யம். மலைச்சாலை அது.

பெட்டி விஷயம் ஒன்று. நான்கு பேர், நான்கு பெரிய பெட்டி என்றால் சின்னக் காரில் மூடி சாத்தாது. மடியும் துணிப்பைகள் எடுத்துப் போங்கள்.

எண்ணூர் வாசகர்: சிவிதா டி பான்யோரேஜோ பார்க்கலாமா? அழிந்துகொண்டிருக்கும் ஊர் என்கிறார்களே?

கட்டாயம் பாருங்கள். ஓர்வியேட்டோவிலிருந்து அரை மணிக்குச் சற்றுக் கூட. மேலே பாறை, அடியில் களிமண். மழையும் ஓடைகளும் களிமண்ணை அரிக்க, பாறை விளிம்பு விளிம்பாக உடைந்து விழுகிறது. நிரந்தரமாகக் குடியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உள்ளே போக நடைபாலம் ஒன்றுதான், நுழைவுக் கட்டணம் உண்டு. கடல் அரித்து வீடுகளைக் கொண்டுபோன நம் கடற்கரைக் குப்பங்களைப் பார்த்தவர் நீங்கள். அந்த விளிம்பில் பாதிச் சுவரோடு நிற்கும் வீட்டை மற்றவர்களைவிட உங்களுக்கு நன்றாகப் புரியும். காலை எட்டு மணிக்கே போங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகி, வயது 63: எனக்கு முட்டிவலி. தோழிகள் கூப்பிடுகிறார்கள். நான் வந்தால் அவர்களுக்குச் சிரமமா?

போங்கள் அம்மா. ஊரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஓர்வியேட்டோவுக்குக் கயிற்று ரயில் இருக்கிறது. சியெனாவிலும் அசிசியிலும் கார் நிறுத்தத்திலிருந்து மேலே ஏற எஸ்கலேட்டர்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பெருஜாவை நான் சிபாரிசு செய்வேன். 1540இல் உப்பு வரியை எதிர்த்து அந்த ஊர் கிளர்ந்தது. வேதாரண்யம் தெரிந்த நமக்கு அந்தக் கோபம் புதிதில்லை. அடக்கிய போப் மூன்றாம் பால், எதிர்த்த குடும்பத்தின் தெருக்களுக்கு மேலேயே கோட்டை எழுப்பினார். வீடுகளும் சந்துகளும் கோட்டைக்கு அடியில் புதைந்தன. இன்று எஸ்கலேட்டர் அந்தப் புதைந்த தெருக்களின் வழியாகத்தான் போகிறது. வாசற்படி, ஜன்னல், செங்கல் வளைவு எல்லாம் அப்படியே, தலைக்குமேல் வானம் மட்டும் இல்லை. பியாசா பார்த்திஜானி நிறுத்துமிடத்தில் காரை விட்டால் எஸ்கலேட்டர் மாறி மாறி மேலே சேரலாம். நடுவில் இறங்கி அந்தத் தெருக்களில் நின்று பாருங்கள், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். மான்டெபுல்சியானோவின் செங்குத்துத் தெருவை மட்டும் தோழிகளுக்கு விட்டுவிட்டு, நீங்கள் கீழ்வாசல் பக்கம் காபிக் கடையில் உட்காருங்கள். கல் தளம் வழுக்கும், செருப்பு வேண்டாம், ரப்பர் அடியுள்ள ஷூ வாங்கி இங்கேயே இரண்டு வாரம் போட்டு நடந்து பழகிவிட்டுக் கிளம்புங்கள்.